கத்தாழைக் கசப்பு போகுற வரைக்கும்

இது நடந்தது ரெண்டாயிரத்து ஒண்ணுல, தெஹியோவிட்ட பக்கம் எங்க றப்பர் தோட்டத்துல. நான் அஞ்சாம் வகுப்போட நின்னவ. பேசுற மாதிரியே எழுதுறேன்.

எங்க அக்கா எலிக்காய்ச்சல்ல செத்துப்போனா. கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறப்பவே கண்ணெல்லாம் மஞ்சளாயிருச்சு. பொட்டியிலதான் திரும்பி வந்தா. அவ மகனுக்கு அப்ப அஞ்சு மாசம். அம்மா எங்களுக்கு முன்னாடியே இல்ல. அத்தான் கொழும்புல கடையில நிக்கிறவரு, எழவு முடிஞ்சதும் போயிட்டாரு. புள்ள என் கையில.

பால்மா கரைச்சுப் போத்தல்ல குடுத்தா நாக்கால தள்ளிருவான். கரண்டியில ஊத்துனா கடைவாயில வழிஞ்சிரும். "பசிச்சா குடிப்பான்"னு எல்லாரும் சொன்னாங்க. பசிச்சுச்சு, குடிக்கல. மொதல்ல லயத்து வீடு அத்தனையும் அதிர்ற மாதிரி கத்துனான். பொறகு சத்தம் கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு. எங்க லயத்துல பால் குடுக்குற பொம்பள யாரும் இல்ல. மழையில ரோடு முங்கி பஸ்ஸும் ஓடல.

வேற வழி தெரியாம புள்ளைய முதுகுல கட்டிக்கிட்டு வேலைக்குப் போனேன். எனக்குக் கத்தாழைக் கொட்டாயில வேலை. றப்பர் புடுங்குன மேட்டுல ஒரு கம்பெனிக்காரங்க கத்தாழை போட்டிருந்தாங்க, சாறெடுத்து மூஞ்சிக் கிறீம் செய்ய. அது காஞ்ச பூமியில வளர்ற செடி. எங்க மழைக்கு அழுகிரும்னு மேல பொலித்தீன் கூரை. மடலை அறுத்து நிமுத்தி வச்சா மஞ்சப் பால் வடியும், அப்பிடியொரு கசப்பு. அது போன பொறகுதான் உள்ள இருக்கற சோத்த வழிக்கணும்.

அங்க கீழ்க் கிராமத்துல இருந்து ஒரு சிங்கள அக்கா வேலைக்கு வருவா. நாட்டுல சண்டை நடந்த நேரம், அவ தம்பி பட்டாளத்துல இருந்தான். நாங்க அவ்வளவாப் பேசுனதில்ல. அன்னிக்குப் புள்ளையப் பாத்தவ கத்தியக் கீழ போட்டா.

"மெஹாட்ட தெண்ட நங்கி." இங்க குடு தங்கச்சின்னு கைய நீட்டுனா.

கொட்டாய்க்குப் பின்னால உக்காந்து மாருல போட்டா. வாய் வச்ச உடனே புள்ள மூஞ்சிய இழுத்துக்கிட்டு வீறிட்டான். அவ தலையில அடிச்சுக்கிட்டா. "அனே, கோமாரிக்கா!" கோமாரிக்கான்னா கத்தாழை. அவ தன் மகளுக்குப் பால் மறக்கடிக்க அந்த மஞ்சப் பாலக் காலையிலதான் பூசியிருக்கா. எங்க ஆளுகளும் அப்பிடித்தான் செய்வாங்க.

தண்ணி ஊத்துற பீலிக்கு ஓடுனா. சவுக்காரம் போட்டா, தேசிக்காய்ப் புளியப் புழிஞ்சு தேச்சா, தேங்கா நார்ப் பொச்சால உரசுனா. விரலால தொட்டு நாக்குல வச்சுப் பாப்பா, கசக்கும், மறுபடி தேய்ப்பா. தோலெல்லாம் செவந்துருச்சு. கங்காணி வந்து கத்துனாரு, "வேலை நேரத்துல என்னா குளிப்பு? மடல ஒங்கப்பனா வந்து அறுப்பான்?"

"அப்ப நீங்க வந்து பால் குடுங்க, நான் போய் அறுக்குறேன்"னு சிங்களத்துலயே திருப்பிக் குடுத்தா. மனுசன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாரு.

புள்ளைக்கு இழுத்துக் குடிக்கவும் தெம்பில்ல. அவதான் சொட்டுச் சொட்டா வாயில பீச்சுனா. முழுங்குனான். பொறகு கப்புன்னு புடிச்சுக்கிட்டான். அக்கா செத்தப்ப வராத அழுக எனக்கு அப்ப வந்துச்சு.

சாயங்காலம் அவ வீட்டுக்கே தூக்கிட்டுப் போனேன். அவ மடியில எங்க புள்ளையப் பாத்ததும், அவ மக அழுதுக்கிட்டே ஓடி வந்து சட்டையப் புடிச்சு இழுத்துச்சு. ரெண்டு வயசு இருக்கும். "மட்டத் தெண்ட அம்மே." எனக்கும் குடும்மான்னு கேக்குது. மறுபடி குடுத்தா விடவே விடாது, இருக்கற பாலும் ஒருத்தருக்கே பத்தாது. அவ ஒரு கையால மகளத் தள்ளிப் புடிச்சுக்கிட்டு "தித்தய் புத்தே, தித்தய்"ன்னா. கசக்கும் கண்ணு, கசக்கும்.

அந்தப் புள்ள அழுகைய நிப்பாட்டிட்டு, எங்க புள்ள முழுங்குறதையே பாத்துச்சு. பொறகு அதோட அம்மா மூஞ்சியப் பாத்துச்சு.

எங்க பய இப்ப பள்ளிக்கூடம் போறான். அந்த அக்காவ சாமியா நெனச்சுக் கும்புடுறேன், ஆனா கண்ணுக்குள்ள நிக்கிறது அவ மகதான். எங்க வீட்டு உசுரக் காப்பாத்த அது வாயில இருந்தத எடுத்தோம், அதுக்கிட்ட மட்டும் யாரும் ஒரு வார்த்த கேக்கல.