திருநாளில் மாற்றிய தண்ணீர் முறை

சாஃபிர் அண்ணனுக்குக் கடிகாரம்தான் சாமி. இருபத்திரண்டு வருடமாக எங்கள் வாய்க்காலின் மதகுச் சாவி அவரிடம்தான் இருக்கிறது. எங்கள் கொச்சானி ஊர்ப் பக்கத்து நெல்வயல்களில் யாருக்கு எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை தண்ணீர் என்பதெல்லாம் பாட்டன் காலத்தில் எழுதிவைத்த முறை. அதற்கு மேல் ஒரு நிமிடம் கேட்டால், சொந்தத் தம்பியானாலும் மதகை இறக்கிவிட்டுப் போய்விடுவார். கல்யாண வீட்டில்கூட அவர் பக்கத்தில் உட்கார யாருக்கும் மனசு வராது.

ஐந்து நாளுக்கு ஒருமுறை, மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை என் முறை. ஆறு தன் போக்கில் ஓடிய காலத்தில் எந்த மணியும் நல்ல மணிதான். மேலே அணை கட்டி அதில் மின்சாரம் எடுக்க ஆரம்பித்தபின் எல்லாம் போச்சு. தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் வேண்டிய காலை ஐந்து மணிக்குத் திறப்பார்கள். அந்தத் தண்ணீர் எட்டு மணிக்கு எங்கள் வாய்க்காலில் தளும்பும். பதினொன்றுக்கெல்லாம் வடிந்துவிடும். எட்டு மணி முறைக்காரன் மெத்தோடியின் வயல் கடல்போலக் கிடக்கும். நான் மண்வெட்டியோடு போய் நின்றால் தவளை குளிக்கக்கூட மிச்சமிருக்காது.

ஜூலைக் கடைசியில் என் நெல் பொதி கட்டி, கதிர் வெளிவரக் காத்து நின்றது. அந்தச் சமயத்தில் காய்ந்தால் கதிர் வரும், உள்ளே மணி இருக்காது. ஒரு வருட உழைப்பும் பதராகிவிடும். நேரே சாஃபிர் அண்ணனிடம் போனேன்.

"ஏண்ணே, கடிகாரத்தைப் பிழிஞ்சா என் வயலுக்குப் பாய்ச்சறது?"

அவர் அணை அலுவலகத்துக்குப் போன் போட்டார். "நாங்க விட்டுக்கிட்டுத்தான் இருக்கோம் ஐயா. ஒரு நாளைக்குச் சராசரி பாத்தா சொட்டு குறையலை" என்றது ஒரு இளங்குரல்.

"நெல்லு சராசரியாக் குடிக்காது தம்பி" என்றார் இவர். அதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

அவர் அதோடு விடவில்லை. வாய்க்காலில் குச்சி நட்டு, மூன்று நாள் பகல் முழுக்க உட்கார்ந்து, மணிக்கு மணி மட்டத்தை எழுதினார். பிறகு தாளோடு என் வீட்டுக்கு வந்தார்.

"நீ சொன்னது நிஜந்தான் ஸ்டோய்னா."

"இதுக்குக் குச்சி வேற நடணுமா? என் வாய்வார்த்தை பத்தாதா?"

"உன் வாய் எப்பவுமே கரைபுரண்டுதான் ஓடும். அதை வெச்சு எப்படி அளக்கறது?"

என் மதிய முறையை எட்டு மணி முறையோடு மாற்ற வேண்டுமானால் முறைக்காரர் இரண்டு பேரும் கையெழுத்துப் போடவேண்டும். மெத்தோடி சும்மா விட்டுக்கொடுக்கிற ஆளா? ஆனால் அடுத்த முறை ஆகஸ்ட் இரண்டாம் தேதி, புனித எலியா திருநாளில் வந்தது. அன்று மண்வெட்டியைத் தொட்டால் இடி விழும் என்பார்கள். கிழட்டுச் சேவலை அடித்துக் குழம்பு வைத்துத் தின்றுவிட்டு எல்லாரும் சும்மா இருப்போம். மெத்தோடிக்கு அந்தப் பயம் கொஞ்சம் அதிகம்.

"அன்னிக்குக் காலையை நீயே எடுத்துக்க. இடி உன் தலையில விழட்டும். பதிலுக்கு உன்னோட அடுத்த ரெண்டு முறையும் எனக்கு. என் மிளகாய்க்கு அந்த ஒழுகல் போதும்" என்றான்.

ஒரு தடவை வயல் நிறையத் தண்ணீர் கிடைத்தால் பயிர் பிழைத்துவிடும். உடனே கையெழுத்துப் போட்டேன்.

திருநாளன்று என் புருஷன் ரிஸ்தே கவிழ்ந்து படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவர் நூல் ஆலையில் வேலை பார்ப்பவர். 'ஆலைக்கு லீவு, தூங்கட்டும்' என்று சந்தோஷமாக வயலுக்கு ஓடினேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்!

எட்டு மணிக்குச் சாஃபிர் அண்ணன் மதகைத் தூக்கினார். எட்டரை ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. வாய்க்காலில் சேறுதான் மின்னியது. மறுபடி போன் போட்டார்.

"இன்னிக்கு ஆலையெல்லாம் மூடியிருக்கே ஐயா. மின்சாரம் யாருக்கு? அதனால திறக்கலை."

அண்ணன் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "எல்லாத்தையும் அளந்தேன். லீவை அளக்கலையே" என்றார். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. சேற்றை வாரி வாய்க்காலுக்குள்ளேயே அடித்தேன்.

மறுநாள் காலை தண்ணீர் கரைமுட்ட வந்து என் வயலைத் தாண்டிப் போயிற்று. அது வேறொருவருடைய முறை. அதன்பின் என் முறை இரண்டும் மெத்தோடியின் மிளகாய்க்குப் போயின. கையெழுத்துப் போட்டதைச் சாஃபிர் அண்ணன் மீறவில்லை. மீறுங்கள் என்று நானும் கேட்கவில்லை.

செப்டம்பரில் கதிரெல்லாம் விறைத்து நிமிர்ந்து நின்றது. அண்ணன் வந்து ஒரு கதிரை உருவிக் கசக்கினார். கையில் உமிதான் இருந்தது.

"திட்டணும்னா திட்டிரு ஸ்டோய்னா."

திட்டினேன். அணையைத் திட்டினேன், அலுவலகத்தைத் திட்டினேன், மெத்தோடியை, எலியாவை, தூங்கிய புருஷனை, எல்லாரையும் மூச்சு முட்டத் திட்டினேன். அவர் தலை குனிந்து காத்திருந்தார். நான் ஓய்ந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னையும் ஒரு வார்த்தை திட்டிரும்மா" என்றார்.

இருபத்திரண்டு வருடத்தில் அவர் முறையை மாற்றியது அந்த ஒரு தடவைதான், அதுவும் எனக்காக. என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.