பாக்கோணும் என்று கேட்டேன்

அம்மா கேட்டது மோர். அண்ணன் காதில் விழுந்தது போர். அந்த ஓர் எழுத்தால் எங்கள் வீடு எட்டு மாதம் ஊமையாகிக் கிடந்தது. அதைப் புனித அந்தோனியார் எப்படி முடித்து வைத்தார் என்று நம் பங்கு மக்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன். இதில் குற்றவாளி நான்தான், தேட வேண்டாம்.

அண்ணன் சூசை திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் பத்து வருடம் ‘போர்’, அதாவது ஆழ்துளைக் கிணறு, போட்டவன். கம்ப்ரசர் சத்தம் அவன் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. நானோ சங்ககிரியில் லாரிகளின் முதுகில் ‘ஒலி எழுப்பவும்’ என்று எழுதும் பெயின்டர்.

எண்பதுகளின் தொடக்கம். ஈஸ்டர் பகல் சாப்பாடு.

“மோர் ஊத்தட்டுமா சாமி?” என்று அண்ணனிடம் கேட்டார் அம்மா.

“போர் முந்நூறு அடி போயிருச்சுங்மா, இன்னும் ஈரத்தயே காணோம், வெறும் புழுதிப் பொகதான் வருது” என்றான் அண்ணன்.

“அண்ணன் காதுலயும் ஒரு போர் போட்டுரலாங்மா, எதாச்சும் உள்ள எறங்கட்டும்” என்றேன் நான்.

வீடே சிரித்தது. எங்கள் முகங்களைப் பார்த்து அண்ணனும் சிரித்தான். பிறகு என்னவென்று அண்ணியிடம் கேட்டான். அவர் தயங்கித் தயங்கித் தன் காதைத் தொட்டு, விரலால் துளை போட்டுக் காட்டினார். அண்ணன் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தான். அன்றோடு யாரிடமும் பேச்சில்லை. அடுத்த மாதம் மிச்சமிருந்த காதும் போனது, அதோடு வேலையும் போனது.

மன்னிப்பை எழுதிக் கொடுத்திருக்கலாம். ஊர் லாரிக்கெல்லாம் எழுதிய கைக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

எங்கள் இருவருக்கும் பொதுவாக மிச்சமிருந்தது ஒரு கேசட். எழுபதுகளில் ஒரு டிரைவர் பம்பாயிலிருந்து கொண்டு வந்தது. வெள்ளைக்கார ராக் குழு. ஆங்கிலம் ஒரு வரி புரியாது. ஒரு பாட்டின் பல்லவி மட்டும் எங்களுக்கு “ஊடு வாரேன், ஊடு வாரேன்” என்றே கேட்கும், வீட்டுக்கு வருகிறேன் என்று. பாடுகிறவன் நம்ம பக்கத்து ஆள்தான் என்று அந்த வயதில் சத்தியமே செய்திருக்கிறோம். சாவதற்குள் இருவரும் சேர்ந்து போய் அவர்களைப் பார்ப்பது என்றும்.

ஒன்பது செவ்வாய்க்கிழமை மெழுகுவர்த்தி ஏற்றினேன். “அந்தோனியாரே, நானும் அண்ணனும் அவுங்களப் பாக்கோணும். பாத்தா அவன் பேசிருவான்.”

ஒன்பதாம் வாரம், பெங்களூரில் லோடு இறக்கிவிட்டு வந்த டிரைவர் ஒரு போஸ்டரைக் கிழித்துக் கொண்டு வந்தார். அதே குழு, அங்கே கச்சேரி! நம்பர் பிளேட் தகரத்தில் “நம்ம குரூப்பு. பெங்களூரு. வாண்ணா” என்று எழுதி நீட்டினேன். படித்தான். சட்டையை மாட்டினான்.

பெங்களூர் மைதானத்தில் டிரம்மில் முதல் அடி விழுந்ததுமே நான் அழுதுவிட்டேன். திரும்பினால் அண்ணன் முகம் கல்லாக இருந்தது. இவ்வளவு பெரிய சத்தம் கேட்காமலா போகும் என்று நம்பி அழைத்து வந்த முட்டாள் நான். அப்போதுதான் உறைத்தது. பாக்கோணும் என்றுதானே வேண்டினேன்? கேக்கோணும் என்று வேண்டவில்லையே! அந்தோனியார் நான் சொன்னதைச் சொன்னபடி கொடுத்துவிட்டார். அங்கேயே நின்று அவரைத் திட்டினேன். அதை மறைக்க மாட்டேன்.

அண்ணன் தடுப்பு மூங்கிலைப் பிடித்திருந்தான். திடீரென்று என் கையை இழுத்து அதன்மேல் வைத்தான். மூங்கில் அதிர்ந்தது.

“டேய், ரிக்கு ஓடுதுடா!”

எட்டு மாதத்தில் முதல் பேச்சு. பிறகு அவன் கண் பாடகனின் வாயை விடவில்லை. அந்த வாய் ‘ஊ’ என்று குவிந்ததும் இவன் கத்தினான்: “ஊடு வாரேன்! ஊடு வாரேன்!” தாளம் தப்பி, சுருதி தப்பி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஈஸ்டர் அன்று நாங்கள் சிரித்த அதே சிரிப்பு. அவன் முகத்துக்கு நேரே நின்று, ஒவ்வோர் எழுத்தாக வாயைத் திறந்து சொன்னேன்: “மன்னிச்சுருண்ணா.”

என் வாயையே பார்த்தான். “எத்தன அடி போட்டாலும் இதுல வெறும் பொகதான்டா வரும்” என்று காதைத் தட்டினான். “வுடு.”

காது திரும்பவில்லை. திரும்பும் என்று பொய் சொல்ல மாட்டேன். நன்றி சொல்கிறேன், கசப்போடுதான். அடுத்தவர் குறையை வைத்து ஜோக்கடிப்பதை விட்டுவிட்டேன். என்னை வைத்தே அடித்துக்கொள்கிறேன், சரக்குக்குப் பஞ்சமில்லை. நீங்களும் நம்பிக் கேளுங்கள். வார்த்தை தப்பாகப் போனாலும் கேளுங்கள்.

இப்போதும் அண்ணன் தெருமுனையிலேயே “ஊடு வாரேன்” என்று கத்திக்கொண்டுதான் வருவான். நான் உள்ளேயிருந்து “வாண்ணா” என்பேன். அவனுக்குக் கேட்காது. எழுந்து வாசலுக்குப் போய், அவன் பார்க்கும்படி இன்னொரு முறை சொல்வேன்.