அயர்ன் மாஸ்டரின் இரண்டாம் பாதி

சென்ற மாதம் ஒரு நல்ல படம் பார்த்தேன். இடைவேளையில் வாங்கிய ரோஸ்மில்க் அதைவிட நன்றாக இருந்தது. பாட்டிலின் வெளிப்புறம் வியர்த்திருந்தது. முதல் வாய்க்கே நெற்றிவரை குளிர் ஏறியது. அந்தக் குளிரோடு எங்கள் அயர்ன் மாஸ்டரின் நினைவும் வந்தது. பனியன் கம்பெனியின் நீராவிக்கு நடுவே நின்றுகொண்டு, இதே ரோஸ்மில்க்கை வெறும் பேச்சிலேயே எங்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தவர் அவர்.

விருதுநகர்ப் பக்கமிருந்து திருப்பூருக்கு வந்த புதிதில் அந்தக் கம்பெனியின் செக்கிங் பிரிவில் இருந்தேன். தைத்து வரும் பனியன்களில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் தேடி, குறை கண்ட இடத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் வேலை. அடுத்த மேசையில் மாஸ்டர் அயர்ன் போடுவார். திருப்பூரிலேயே ராயபுரத்துக்காரர், ஐம்பதை நெருங்கும் வயது, ஒல்லியான உடம்பு. ஞாயிற்றுக்கிழமை ஒரு மேட்னி பார்க்காவிட்டால் அவருக்கு வாரம் விடியாது. திங்கட்கிழமை பத்தரை மணிக்கு டீ வந்ததும் நாங்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். துணி துவைக்கவும் ரேஷன் வாங்கவுமே எங்கள் ஞாயிறு சரியாகப் போகும். அதனால் அவர் சொல்வதுதான் எங்களுக்குப் படம்.

அவர் கதை சொல்லும் முறை எப்போதும் ஒன்றுதான். முதல் பாதியைச் சுருக்கமாகச் சொல்வார். இடைவேளை வந்ததும் நிறுத்தி, ரோஸ்மில்க்கைப் பற்றி விரிவாகப் பேசுவார். அன்றைக்கு எசன்ஸ் தூக்கலா, பால் திக்காக இருந்ததா என்பதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, கையிலிருக்கும் சூடான டீயே எங்களுக்குக் குளிரும். அதற்குப் பிறகு வரும் இரண்டாம் பாதியில்தான் கதை நெஞ்சைப் பிடிக்கும். வில்லன்கூட ஏதோ ஒரு காரணத்தால் அழுதுவிடுவான்.

நூலகத்தில் எடுத்த நாவல்களை நானும் சில நாட்கள் சொல்லிப் பார்த்தேன். ஒரு பெயர், ஒரு சம்பவம் விடாமல் சரியாகச் சொல்வேன். அதற்குள் எல்லோரும் டம்ளர் கழுவப் போய்விடுவார்கள். கடைசிவரை கேட்பவர் மாஸ்டர் ஒருவர்தான்.

ஒரு திங்கட்கிழமை அக்கா தங்கை படம் ஒன்று சொன்னார். அக்கா ரயில் நிலையத்தில் பூக்கடை வைத்திருக்கிறாள். தங்கை வாரந்தோறும் அந்த வழியாக ரயிலில் போகிறாள். இருவருக்கும் பேச்சில்லை. கடைசியில் ஒருநாள் சிக்னல் கிடைக்காமல் ரயில் நின்றுவிட, தங்கை இறங்கி வந்து கடைமுன் நிற்கிறாள். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பூவைக் கட்டிக்கொண்டே, "சாப்பிட்டியா?" என்று கேட்கிறாள். அவ்வளவுதான், படம் முடிந்தது என்றார் மாஸ்டர். யாரும் டம்ளரை எடுக்கவில்லை. ஓவர்லாக் மெஷினில் தைக்கும் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். குண்டடத்தில் இருக்கும் உடன்பிறந்த அக்காவோடு அவருக்கு ஆறு வருடமாகப் பேச்சில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அந்த அக்கா தன் மகளின் சீர் விழாவுக்கு இவரை நேரில் வந்து அழைக்காமல் போனில் அழைத்துவிட்டாராம். அதில் முறிந்த உறவு.

அடுத்த ஞாயிறு அந்தப் படத்துக்கு நானும் போனேன். இடைவேளைவரை மாஸ்டர் சொன்னது அச்சு மாறாமல் இருந்தது. அதன்பின் அவர் சொன்ன எதுவுமே இல்லை. சிக்னலில் ரயில் நிற்கவில்லை. தங்கை வரும்போது பூக்கடை பூட்டிக் கிடக்கிறது. அக்கா இறந்து போயிருக்கிறாள். குறை தேடிப் பழகிய கண் சும்மா இருக்குமா? மறுநாள் டீ டைமில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்: "மாஸ்டர், அந்தப் படத்துல அவங்க ரெண்டு பேரும் கடைசிவரைக்கும் சந்திக்கவே இல்லையே."

மாஸ்டரின் முகம் சுருங்கியது. டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சனிக்கெழம நைட் ஷிப்ட் முடிச்சுட்டுப் போறனுங்க. அந்த ஏசி காத்துல ரோஸ்மில்க் உள்ள எறங்குச்சுன்னா கண்ணு தானா சொருகிருதுங்க. முழிச்சுப் பாத்தா லைட்டப் போட்டுர்றாங்க. ஊட்டுக்கு நடந்து வர்றப்ப மிச்சத்த நானே ஓட்டிக்குவனுங்க."

யாராவது சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் எழுந்து மேசைக்குப் போய்விட்டார். ஓவர்லாக் அக்கா அன்று வேலைக்கு வரவில்லை. அன்று முழுவதும் பக்கத்து மேசையில் அயர்ன் பெட்டியின் சீறல் மட்டும் கேட்டது. நான் செய்ததில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் நல்ல பனியனில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டதுபோல விரல் உறுத்தியது.

மறுநாள் ஓவர்லாக் அக்கா ஒரு தூக்குப்போசியோடு வந்தார். நடந்ததை அதற்குள் யாரோ வாசலிலேயே சொல்லியிருந்தார்கள். நேராக மாஸ்டரின் மேசைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை குண்டடத்துக்கு பஸ் ஏறியதையும், அக்கா வீட்டு வாசலில் கால் கூசி நின்றதையும், உள்ளே கூப்பிட்ட அக்கா திங்கட்கிழமை முழுக்க விடாமல் நிறுத்திக்கொண்டதையும் சொன்னார். படத்தில் வந்தது மாதிரியே கேட்டாரா என்று யாரோ விசாரித்தார்கள். இல்லை, முதலில் அரைமணி நேரம் திட்டினார் என்றார்.

"படம் பொய்யாவே இருந்துட்டுப் போகட்டுங்க மாஸ்டர். எங்கக்கா நெசந்தானுங்க. உங்களுக்குன்னு கம்மங்கூழ் கரைச்சுக் குடுத்துருக்குது."

மோர் விட்டு, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்ட கூழ். மாஸ்டர் ஒரு டம்ளர் குடித்தார். மீசையில் ஒட்டியதைத் துடைக்காமல் இரண்டாவது டம்ளரை நீட்டினார். ரோஸ்மில்க்குக்குக் கொடுக்கும் அத்தனை வர்ணனையும் அன்று கூழுக்குக் கிடைத்தது. கடைசி டம்ளரை என்னிடம் கொடுத்து, "குடி கண்ணு, நீயும் தூங்கிப்போவ" என்றார். அப்போதுதான் எல்லோரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு கண்ணும் கலங்கியது.

அதன்பின் அவருடைய கதைகளுக்குத் தட்டுப்பாடே இல்லை. படத்துக்குப் போகாத வாரங்களிலும் சொன்னார். இப்போது கணியூரில் மகள் வீட்டோடு இருக்கிறார். போன் செய்தால், பேரன் டிவியில் படம் போட்டுக் கொடுத்ததும் தான் தூங்கிவிடுவதாகப் பெருமையாகச் சொல்கிறார்.

நான் வேறு கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். இந்த வாரம் ஒரு நாவல் படித்து முடித்தேன். பாகம் பிரிந்த அண்ணனும் தம்பியும் முதுமையில் ஒரே ஊருக்கு வந்தும் பார்க்காமலே திரும்புகிறார்கள். அப்படி ஒரு முடிவை எழுதத் துணிவு வேண்டும். நேற்று டீ டைமில் எங்கள் பிரிவுப் பெண்களுக்கு அதைச் சொன்னேன். முக்கால் கதைக்கு வந்தபோது தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்: "அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்களாக்கா?"

"பேசிக்கிட்டாங்க" என்றேன்.

எப்படி என்று கேட்டார்கள். பெல் அடிக்க இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.