கோத்தகிரிச் சரிவில் நான் மூடிய தழும்பு

போன மாதம் ஒரு வியாழக்கிழமை கோத்தகிரி போய்வந்தேன். சுற்றுலா இல்லை. அங்கே எனக்கு அரை ஏக்கர் சரிவு நிலமும் அதன் அடியில் ஓர் ஓட்டு வீடும் உண்டு. குன்னத்தூர்க்காரர் மாரப்பனும் அவர் மனைவி சரசுவும் ஏழு ஆண்டுகளாக அந்த வீட்டில் தங்கி நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். "அண்ணா, ஊட்டுத் தரை வெடிச்சிருக்குதுங்க. மலையை அளக்கற ஆபீசருங்க வேற மறுபடி வந்திருக்காங்க" என்று மாரப்பன் போன் செய்ததும் விடுப்பு எடுத்தேன்.

பெருமாநல்லூரில் காலை ஐந்தரைக்கு வாடகைக் கார். அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம் வழியாக 86 கிலோமீட்டர். போய்வர 4,200 ரூபாய். மேட்டுப்பாளையத்தில் இட்லி சாப்பிடும்போது ஓட்டுநர் கேட்டார்: "ஏனுங்க, மலையில ஊடு வெச்சிருக்கீங்க, மூஞ்சி மட்டும் ஷிப்மெண்ட் தப்புனாப்புல இருக்குதுங்களே?" பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்க்கிற என் முகம் எப்போதும் அப்படித்தான்.

காரணம் உண்டு. நான் ஜியாலஜியில் முதுகலை. அரசின் நிலவியல் துறை வேலைக்கான நேர்முகத் தேர்வில் என்னைக் கழித்துவிட்டு, என்னைவிட மதிப்பெண் குறைந்த வகுப்புத் தோழனை எடுத்தார்கள். இன்றுவரை மறக்கவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் நிலச்சரிவு வரைபடத்துக்காக என் நிலத்துக்கு வந்தவன் அவனேதான். "இங்கே முன்பு ஏதாவது சரிந்ததா?" என்று கேட்டான். சரிந்திருந்தது. நிலம் வாங்கிய ஆண்டு மழையிலேயே, மாரப்பன் குடிவருமுன், மேட்டில் ஒரு பகுதி இறங்கியது. மண்ணை வழித்துவிட்டுத் தேயிலை நட்டிருந்தேன். சம்பளம் வாங்குகிறவன், கண்டுபிடிக்கட்டுமே என்று நினைத்தேன். "இல்லை" என்றேன். நில மதிப்பு குறையும் என்ற பயமும் இருந்தது. ஆனால் முதலில் வந்தது வன்மம்தான்.

எட்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். இந்த முறை வந்திருந்தவர் முப்பது வயதுள்ள ஒரு பெண் அதிகாரி. சரிவின் கோணத்தை அளந்தார். சாலை வெட்டில் மண் எத்தனை அடி ஆழம், பாறைப் பிளவுகள் எந்தப் பக்கம் சாய்கின்றன, தண்ணீர் எங்கே கசிகிறது என்று குறித்துக்கொண்டார். செயற்கைக்கோள் படங்களில் பழைய நிலச்சரிவுகளை முன்பே தேடியிருக்கிறார்கள். செடி மூடிய தழும்பு அதில் தெரியாது. அதனால்தான் ஊர்க்காரர்களைக் கேட்கிறார்கள். எங்கெங்கே சரிந்தது என்ற பட்டியலோடு மற்றதையெல்லாம் பொருத்திப் பார்த்துத்தான் ஓர் இடத்தின் ஆபத்தைக் கணிக்கிறார்கள். பட்டியலில் ஒன்று விடுபட்டால், அதைப்போன்ற மற்ற மலைச்சரிவுகளும் கொஞ்சம் பத்திரமானவையாகத் தெரியும்.

அதே கேள்வியை அவரும் கேட்டார். நான் வாய் திறக்குமுன் மாரப்பன் முந்திக்கொண்டார்.

"ஒண்ணும் சரியலீங்கம்மா. எங்கண்ணன் உங்க படிப்பே படிச்சவருங்க. அவரே பாத்துச் சொல்லியிருக்காருங்க."

என் படிப்பைப் பற்றி இவ்வளவு பெருமையாக யாரும் பேசி நான் கேட்டதில்லை.

"சரிந்தது" என்றேன். மேட்டில் எந்த இடம் என்று காட்டினேன். அதிகாரி மேலே ஏறினார். வளைந்து நின்ற மரங்களையும், தேயிலைக்குள் மறைந்திருந்த விரிசலையும் பார்த்துவிட்டு இறங்கினார். "சார், முன்பே சொல்லியிருந்தால் இந்த வீட்டில் யாரையும் இருக்கவிட்டிருக்க மாட்டோம். இன்றைக்கே காலி செய்யுங்கள்." அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன்.

மாரப்பன் துண்டை எடுத்து முகம் துடைத்தார். சரசுதான் கேட்டார்: "ஏனுங்ணா, அப்ப ஏழு மழைக்கும் எங்கள எதுக்குங்க இதுக்குக் கீழ படுக்க வெச்சீங்க?"

பாத்திரம், துணிமணியோடு இருவரையும் அதே காரில் குன்னத்தூருக்குக் கூட்டிவந்தேன். வளைவுகளில் சரசுவுக்குக் குமட்டியது. இரண்டு முறை நிறுத்தினோம்.

போகிறவர்களுக்கு: நீலகிரிக்கு இ-பாஸ் முந்தின நாளே எடுத்துவிடுங்கள். மழை நாளில் மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். மனை வாங்குவதானால் அரசின் நிலச்சரிவு வரைபடத்தைப் பாருங்கள். ஆனால் அதில் என்னைப்போன்றவர்கள் சொன்ன பதில்களும் கலந்திருக்கும். அதனால் சரிவுக்குக் கீழே படுத்துத் தூங்குகிறவர்களிடமும் கேளுங்கள். நிலத்துக்காரர் பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது என்றால், ஏன் தெரியவில்லை என்று நிலத்துக்காரரைக் கேளுங்கள். சரசு கேட்கும்வரை என்னை யாரும் கேட்கவில்லை.