முன்னோர் இலையில் கமலி

"இங்க கஜா பேராங் தெருவுல, அந்தக் காலத்துலயே வந்து மலாய்க்காரங்களோட கலந்துபோன செட்டிங்க இருக்காங்க. நம்ம சாமியக் கும்பிடுவாங்க, ஆனா தமிழ் பேச வராது" என்று மலாக்கா மாமா சொன்ன நொடியிலேயே, அவர்களைப் பார்க்காமல் திரும்ப நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அக்காவையும் அவளுடைய நான்கு வயது மகள் கமலியையும் இழுத்துக்கொண்டு, மாமாவுக்குத் தெரிந்த ஒரு செட்டி வீட்டுக்கு வந்திருக்கிறேன். மலாயா விடுதலை பெற்றபின் வரும் முதல் போகி இன்று.

கூடத்தில் முன்னோருக்குப் போகிப் படையலாக வாழையிலைகளில் சோறும் கறியும் பலகாரமும் பரப்பியிருக்கிறார்கள். நாங்கள் வாசலில் பேசிக்கொண்டிருக்கும்போதே கமலி முதல் இலைக்கு முன்னால் சம்மணமிட்டு வடையைக் கடித்துவிடுகிறாள்.

"மானத்த வாங்கிட்டியேடி" என்று அக்கா கையை ஓங்குகிறாள்.

கெபாயா என்னும் மலாய்ச் சட்டை அணிந்த வீட்டுக்கார அம்மாள் குறுக்கே வந்து, குழந்தையை அணைத்தபடி மலாயில் ஏதோ சொல்கிறார். மாமா சிரிக்கிறார்.

"அடிக்காதே லா. முன்னோர இன்னும் கூப்பிடலையாம். கூப்பிடுற வரைக்கும் அது வீட்டுச் சோறுதானாம்."

"நமக்காகச் சும்மா சொல்றாங்களா மாமா?" என்று கேட்கிறேன்.

அந்த அம்மாள் புது இலை போட்டு, அக்காவிடமே கரண்டியை நீட்டுகிறார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பரிமாறுகிறாள்.

முன்னோரை அழைத்தபின் எல்லோரும் வெளியே காத்திருக்க வேண்டுமாம். கமலியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போகிறேன். அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை இவளைப் பிடித்து வைக்க முடிகிறதா பார்க்க வேண்டும்.