பதினேழு முறை வெட்டிய வரி

பாட்டு ஓடும்போது கத்திரி கண்ணை மூடுவதில்லை. கடிகாரத்தைப் பார்ப்பார். முடிந்ததும், "மூணு நிமிஷம் நாப்பத்தொண்ணு. நாப்பத்துமூணுன்னு எந்தப் புண்ணியவான் போட்டது?" என்று முனகிக்கொண்டே கைப்பேசியில் கலைக்களஞ்சியத்தைத் திறந்து இரண்டு நொடியைக் கழிப்பார். பாட்டு எப்படி இருந்தது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். "நல்லாத்தான் இருந்திருக்கும். நான் கவனிக்கல."

கத்திரி என்பது கூட்டாளிகள் வைத்த பெயர். இணையக் கலைக்களஞ்சியத்தில் பாப் இசைக் கட்டுரைகளை எழுதித் திருத்தும் தன்னார்வலர்கள் ஏழெட்டுப் பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. அவர்களில் வெட்டுகிறவர் இவர். 'தேனினும் இனிய' என்றால் வெட்டு. 'காலத்தை வென்ற' என்றால் வெட்டு. 'ரசிகர்களின் நெஞ்சை அள்ளிய' என்று யாராவது எழுதினால், "எத்தனை ரசிகர்கள்? எண்ணியது யார்?" என்ற கேள்வி உரையாடல் பக்கத்தில் வந்து விழும். தப்பிப் பிழைக்கும் வரிகளுக்கும் 'சான்று தேவை' என்று ஒரு வால் கட்டிவிடுவார்.

பிழைப்புக்கு லிஃப்ட் பழுது பார்க்கிறார். பன்னிரண்டு மாடிக் கட்டடம், நான்கு லிஃப்ட், அடித்தளத்தில் ஜன்னலில்லாத ஓர் அறை. மேல்பையில் டெஸ்டர், அதற்குப் பின்னால் கைப்பேசி. லிஃப்டை மேலும் கீழும் ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்டபடி மற்றவர்கள் எழுதியதைப் படிப்பார். "ரெண்டும் ஒரே வேலைதான். ஏறி நிக்கறவங்க கயித்தப் பாக்கமாட்டாங்க. நாம பாத்திருக்கணும்."

அவர் மனைவி தையல்காரர். நூலைப் பல்லில் கடித்தபடி ஏசுவார். "பாட்டே கேக்காத மனுஷன் பாட்டுக்காரங்க சரித்திரம் எழுதுறாராம். நல்ல கூத்துதான்."

"எழுதறதில்லடி. சரிபாக்கறேன்."

"ஆமா, நான் தைக்கறதில்ல, துணியக் குத்தறேன்."

ஒன்பது வருஷமாக அவரோடு சரிக்குச் சரி மல்லுக்கு நின்றது ஒரே ஒருவர். மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருந்த ஒரு பெண். அவர் இவரைத் தம்பி என்பார். இவர் அவரை அக்கா என்பார். வயது தெரியாது, உரையாடல் பக்கத்து மரியாதை அது. இருவருக்கும் ஒரே ஊர், பதினோரு பேருந்து நிறுத்தம்தான் தூரம் என்பது மட்டும் தெரியும். போய்ப் பார்க்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை.

சண்டை ஒரு வரிக்காக. நாற்பது வருஷத்துக்கு முன் ஒரே ஒரு கேசட் வெளியிட்டுவிட்டுக் காணாமல் போன நால்வர் குழு. அந்தக் கேசட்டின் மூன்றாவது பாட்டு ஒரு ஹம்மிங்கில் தொடங்கும். அதைப் பாடியது குழுவின் பாடகி இல்லை, ஒலிப்பதிவுக் கூடத்தில் தட்டச்சு வேலை பார்த்த பெண் என்பது அக்காவின் கட்சி. பாடகிக்கு அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்ததாம்.

"பதினாறு வயசுல ரேடியோ பேட்டியில என் காதால கேட்டேன் தம்பி."

"உங்க காதுக்கு நான் எப்படிக்கா அடிக்குறிப்பு போடறது?"

"உங்க மூளைக்கு யாராவது போட்டிருக்காங்களா?"

பதினேழு முறை அவர் சேர்த்தார். பதினேழு முறை இவர் வெட்டினார். கடைசி முறை அக்கா எழுதினார்: "அந்தப் பொண்ணு பேரு கேசட் அட்டையில இல்ல. எங்கயாவது ஓரிடத்துல இருக்கணும்ல?" கத்திரி பதில் எழுதவில்லை. வரியையும் விடவில்லை.

அக்கா இறந்து ஒரு மாதம் கழித்து மகள் அவருடைய மடிக்கணினியைத் திறந்தாள். அவள் அளவுக்கருவிகளைச் சோதித்துச் சான்று தரும் பொறியாளர். அதிகம் பேசுகிறவள் இல்லை. அம்மாவின் பயனர் பக்கத்தில் இரண்டு வரி எழுதினாள்: 'இவர் சென்ற மாதம் காலமானார். இப்படிக்கு மகள்.' பத்து நிமிஷத்தில் கீழே கத்திரியின் பதில் வந்தது. 'ஆழ்ந்த இரங்கல். இத்தகவலுக்குச் சான்று உண்டா?'

இறப்புச் சான்றிதழைப் படமெடுத்தாள். அவருடைய மின்னஞ்சலுக்கு அனுப்பி, 'போதுமா?' என்று எழுதி, அடியில் தன் எண்ணையும் போட்டாள். சண்டைக்குத் தயாராகத்தான் போட்டாள்.

இரண்டு நாள் சத்தமில்லை. மூன்றாம் நாள் தொலைபேசி வந்தது. பின்னால் லிஃப்ட் இரைந்துகொண்டிருந்தது.

"கத்திரி பேசறேன்." லிஃப்ட் எங்கோ ஒரு மாடியில் போய் நின்றது. பிறகு, "அக்கா என்னைவிட ரெண்டு வயசு சின்னவங்களாம்மா? சான்றிதழ்ல பாத்தேன்."

"ஆமா" என்றாள் அவள்.

"முன்னாடி ரெண்டு பேரு செத்துட்டதா எவனோ விளையாட்டுக்கு எழுதிவெச்சான். இதுவும் அப்படித்தான் இருக்கும்னு கேட்டுட்டேன்."

கிடைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு அவர் கேட்ட சான்று அது ஒன்றுதான். மகளுக்குக் கோபம் வடிந்துவிட்டது.

மடிக்கணினிப் பையில், பிளாஸ்டிக் உறைக்குள் பழுப்பேறிய ஒற்றைத் தாள் ஒன்று இருந்தது. பழைய வானொலி வார இதழில் கிழித்தது. யாரோ அலமாரித் தட்டில் விரித்திருக்க வேண்டும். தட்டச்சுப் பெண்ணின் பெயரும் மூன்றாவது பாட்டும் ஒரு பத்தியில் இருந்தன. ஓரத்தில் அம்மாவின் பென்சில் கோடு. அம்மா தேடிப் பிடித்துவிட்டார்; எழுதத்தான் நேரம் கிடைக்கவில்லை.

மகள் அதை எடுத்துக்கொண்டு பதினோரு நிறுத்தம் தாண்டிக் கத்திரியின் வீட்டுக்குப் போனாள். தையல்காரர் துணிக் குவியலை ஒதுக்கி, "உக்காரும்மா" என்றார். கத்திரி டார்ச் அடித்துத் தாளின் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். மேல்விளிம்பு முழுக்கக் கிழிந்திருந்தது.

"எந்தத் தேதி இதழு? பக்க எண் எங்க?"

"சார், அம்மாவே போயிட்டாங்க. இன்னுமா பக்க எண்?"

"நல்லாக் கேளும்மா!" என்றார் தையல்காரர். "பெத்தவளப் பறிகொடுத்துட்டு வந்து நிக்குது, இவருக்குப் பக்க எண்ணு வேணுமாம்."

கத்திரி டார்ச்சை அணைத்தார். "இப்படியே போட்டா நாளைக்கே எவனாவது வெட்டுவான். அடுத்தவன் போட்டிருந்தா நானே வெட்டுவேன். அக்காவோட வரிய இனிமே ஒருத்தனும் தொடக் கூடாதும்மா."

சனிக்கிழமை பொது நூலகத்தில் சந்தித்தார்கள். அவர் வேலையிலிருந்து நேராக, கிரீஸ் கறை படிந்த சீருடையோடு வந்தார். தாளின் பின்பக்கத்தில் நிகழ்ச்சி நிரலின் துண்டு ஒன்று மிஞ்சியிருந்தது: 'திங்கள் 14'. கேசட் வந்ததை ஒட்டிய மூன்று வருஷத்தில் பதினான்காம் தேதி திங்களன்று வருவது ஐந்து முறைதான் என்று மகள் விரல்விட்டுச் சொன்னாள். கத்திரி அவளை நிமிர்ந்து பார்த்தார். "இத்தனை வருஷம் எங்கம்மா இருந்தீங்க?"

நான்காவது தேதியின் இதழ்க்கட்டில் அது கிடைத்தது. பக்கம் முப்பத்தெட்டு. கிழியாத பக்கத்தில், தாளில் இல்லாத முதல் வரியும் இருந்தது. அவர் விரலை வைத்து வாசித்தார். ஹம்மிங் பாடியது தட்டச்சுப் பெண்தான். ஆனால் பாடகிக்குத் தொண்டை கட்டவில்லை. கூடத்துக்கு வரும் வழியில் முக்கால் மணி நேரம் லிஃப்டில் மாட்டிக்கொண்டார்.

"லிஃப்டா!" கத்திரி போட்ட சத்தத்தில் நூலகர் எட்டிப் பார்த்தார். "அடடா அக்கா. இத மட்டும் சொல்லியிருந்தீங்கன்னா சான்றே இல்லாம நம்பியிருப்பேனே!"

மகள் சிரித்தாள். அம்மா போனபின் முதல்முறை. சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. அவர் இதழைப் புரட்டுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்.

நூலகக் கணினியில் அவர் தன் கணக்கில் நுழைந்து வரியை எழுதினார். பெயர், வேலை, பாட்டு, இதழ், தேதி, பக்கம். ஒரு பெயரடை இல்லை. தொகுப்புச் சுருக்கம் என்ற கட்டத்தில் மட்டும் நெடுநேரம் அடித்து அழித்தார். கடைசியில், 'பதினேழு முறையும் நான்தான் தவறு. அக்காவுக்கு நன்றி' என்று போட்டுச் சேமித்தார்.

கட்டுரையின் உச்சியில் மஞ்சள் பெட்டி ஒன்று இருப்பதை மகள் அப்போதுதான் கவனித்தாள். 'இக்கட்டுரையை ஒருவர் தொகுத்துக்கொண்டிருக்கிறார். அருள்கூர்ந்து காத்திருங்கள்.' போட்டது அம்மா, மருத்துவமனையில் சேர்ந்த நாள். ஏழு நாள் யாரும் தொகுக்காவிட்டால் தானியங்கி நிரல் பெட்டியை நீக்கிவிடும் என்று அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. அம்மா சேர்ந்து பதினோரு வாரம் ஆகிவிட்டது.

அவள் கட்டுரையின் வரலாற்றைத் திறந்தாள். கத்திரி தடுக்கக் கை எடுத்தார். பிறகு எடுத்த கையை மடியில் வைத்துக்கொண்டார். ஆறு நாளுக்கு ஒருமுறை, தவறாமல், அவர் பெயர். முதலில் இரண்டு சொற்களுக்கு நடுவே ஓர் இடைவெளி சேர்க்கப்பட்டிருந்தது. ஆறாம் நாள் அதே இடைவெளி நீக்கப்பட்டிருந்தது. மறுபடி சேர்ப்பு. மறுபடி நீக்கம். வெற்றுத் தொகுப்பு செய்கிறவர்களை உரையாடல் பக்கத்தில் நிற்கவைத்துக் காய்ச்சுகிறவர் அவர். கடைசி இரண்டும் சான்றிதழைப் பார்த்த பிறகு செய்தவை.

"இது என்ன சார்?"

"அந்த இடத்துல... இடைவெளி சரியில்ல" என்றார். பிறகு, "திரும்பி வந்து பாக்கறப்போ அவங்க எடம் அப்படியே இருக்கணும்ல? எவனாவது பூந்து எழுதிடுவான்."

அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலை முடிஞ்சுபோச்சும்மா. எடுத்துடலாம். நீங்க எடுங்க." தன் கணக்கிலிருந்து வெளியேறி, சுட்டியை அவள் பக்கம் தள்ளினார். "பேரு, கணக்கு ஒண்ணும் வேணாம். யாரு வேணாலும் தொகுக்கலாம். அதான் முதல் விதி."

மகள் மஞ்சள் பெட்டிக்கான அந்த ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து அழித்தாள். சேமி என்ற பொத்தானின் மேல் அவள் விரல் கொஞ்ச நேரம் நின்றது. அழுத்தினாள்.

பக்கத்து நாற்காலி தரையில் தேய்ந்தது. திரும்பினாள். கத்திரி, கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டபடி, கணினித் திரையைப் பார்த்து எழுந்து நின்றுகொண்டிருந்தார்.