காமினியின் புதுப்பாட்டு

இரவு வேலை முடிந்து பாயான் லெப்பாஸிலிருந்து புறப்படும் எங்கள் பேக்டரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே எல்லாரும் தூங்கிவிடுவார்கள். பக்கத்து சீட்டில் காமினி இல்லாதிருந்தால் நானும் தூங்கியிருப்பேன். "ருக்கு, இத மட்டும் கேட்டுட்டுத் தூங்கு" என்று இயர்போனில் ஒன்றை என் காதில் சொருகிவிடுவாள். உள்ளே டப் டப் என்று ஏதோ இடிக்கும். பாடுகிற பெண்ணின் குரலைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டியிருப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாய்விட்டுத் திட்டியும் இருக்கிறேன். அவளுக்கு உறைக்காது.

காமினிக்கு நாற்பத்தேழு வயது. புக்கிட் மெர்தாஜாமில் வீடு. கணவர் தயாளன் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் ஜோகூரில் கிடப்பார். மாமியாருக்கு நடக்க முடியாது. வேலை விட்டுப் போனதும் சமைத்து, மாமியாரைக் குளிப்பாட்டி, துணி காயப்போட்ட பிறகுதான் இவளுக்குப் படுக்கை. எங்கள் வயதுப் பெண்கள் சீரியல் பார்ப்பார்கள், பழைய பாட்டுக் கேட்பார்கள். இவளுக்கு மட்டும் கம்ப்யூட்டரில் செய்த புதுப்பாட்டு வேண்டும்.

அதிலும் கெலுகோரில் படிக்கிற ஒரு பையனும் பெண்ணும் நடத்தும் 'ஊதா டிரான்சிஸ்டர்' பாட்டுக் குழு என்றால் உயிர். அவர்களுடைய வீடியோ ஒன்றில் அந்தப் பெண், காசு போட்டு நாமே துவைத்துக்கொள்கிற ஒரு டோபி கடையில் உட்கார்ந்திருப்பாள். துணி சுற்றும் மிஷின்களுக்குள் தாளத்துக்குத் தக்கபடி பச்சையும் சிவப்புமாய் விளக்கு மாறி மாறி எரியும். அந்தக் கடை செபராங் ஜெயாவில் இருப்பதைக் காமினி கண்டுபிடித்துவிட்டாள். வீட்டில் நல்ல வாஷிங் மிஷின் இருக்கும்போதே போர்வையைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே துவைத்துவிட்டு வந்தாள். உனக்குப் பைத்தியம் என்றேன். "ஆமாலா" என்றாள்.

இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"பன்னெண்டு மணி நேரம் மிஷினு நம்மள ஆட்டி வைக்குது, ருக்கு. இந்தப் பிள்ளைங்க மிஷின ஆட்டி வைக்குதுங்க. அதப் பாத்தாலே எனக்கு சந்தோசமா இருக்கு."

அதற்கப்புறம் அவளைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. பாட்டு மட்டும் பிடிக்கவே இல்லை.

போன மாதம் அந்த இரண்டு பேரும் ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கிடங்கில் கச்சேரி வைத்தார்கள். ஞாயிறு மாலை. கடைசியாக ஒரு புதுப்பாட்டு உண்டு, அதை நெட்டில் எங்கேயும் ஏற்ற மாட்டோம், போனில் எடுக்கவும் விடமாட்டோம், வருகிறவர்கள் காதால் கேட்பதோடு சரி என்று அறிவித்திருந்தார்கள். காமினி அந்தப் பாட்டுக்காகவே நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை இரவு வேலையை மாற்றித் தரச் சொல்லி லைன் லீடர் நாதனிடம் கெஞ்சினாள். ஆள் பற்றாது என்று அவர் கைவிரித்துவிட்டார். ஞாயிறு காலை வீட்டுக்குப் போனால் மாமியாருக்குக் காய்ச்சல், கிளினிக்குக்கு ஓட வேண்டியதாயிற்று. மாலையில் மாமியாரைத் தயாளனிடம் விட்டுவிட்டு, கண்ணை மூடாமலே என்னைக் கூட்டிக்கொண்டு ஜார்ஜ் டவுனுக்குப் பெர்ரி ஏறினாள்.

கிடங்கு முழுக்கச் சின்னப் பிள்ளைகள். ஆன்ட்டிகள் நாங்கள் இரண்டு பேர்தான். முதல் நாலைந்து பாட்டுக்குக் காமினி முன்னால் நின்று வாயசைத்தாள், கையைத் தூக்கி ஆடினாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு கால் கெஞ்சுகிறது, கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன் என்று ஸ்பீக்கர் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் சாய்ந்தாள். அந்தச் சத்தத்திலும் தூங்கிப்போனாள்.

புதுப்பாட்டு என்று மேடையில் சொன்னார்கள். எழுப்பக் கையை நீட்டினேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. வீங்கிய பாதங்கள் செருப்பைவிட்டு வெளியே கிடந்தன. என்னால் முடியவில்லை.

கைதட்டலில்தான் விழித்தாள். எல்லாரும் வாசலைப் பார்த்துப் போவதைக் கண்டதும் புரிந்துவிட்டது. திரும்பி வரும் பெர்ரியில் ஏன் எழுப்பவில்லை என்று கேட்டாள். அசந்து தூங்கினாயே என்றேன்.

"தூக்கம் நாளைக்கும் வரும். அந்தப் பாட்டு வராதுலா."

மறுநாள் இரவு வேலை முடிந்து பஸ்ஸில் ஏறியவள் இயர்போனை வெளியே எடுக்கவில்லை. நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். ஆனால் அவள் அப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. எனக்குப் பிடிக்காத அந்தப் பாட்டை அங்கே முழுசாகக் கேட்டவள் நான்தானே. சொல்கிறேன், கேள் என்று முன்சீட்டுக் கம்பியில் விரலால் தட்ட ஆரம்பித்தேன். ஞாபகம் இருந்த வார்த்தைகளை அந்தப் பெண் வெட்டி வெட்டிப் பாடின மாதிரியே பாடிக்காட்டினேன். முன்னால் இருந்த, எங்களோடு வேலை செய்யும் காமாரியா தூக்கம் கலைந்து திரும்பி முறைத்தாள்.

"அப்புறம்?" என்றாள் காமினி.

தட்டிக்கொண்டே போனேன். பாதிப் பாட்டில் அவள் தலை என் தோளில் சாய்ந்தது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. உலுக்கி எழுப்பினேன்.